‘சாமி’ லேயரை அழித்த விரல்

போன மாதம் எங்கள் ஆபீஸில் புது வெர்ஷன் வந்து இறங்கியது.

பேப்பரில் இந்தப் பத்தி எழுதுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் வயிற்றுப்பாடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சர்வேயர் ஆபீஸின் மாடியில்தான். ஆட்கள் போய் நிலத்தை அளந்து வருவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் மேப்பாகப் போடுவது என் பொறுப்பு. பழைய சாஃப்ட்வேரில் கறுப்புத் திரை, எழுத்தைத் தட்டினால்தான் கோடு விழும். ஆறு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவன் நான். புது வெர்ஷனோ... மௌஸைத் தொட்டால் போதும், கலர் கலராக விரிகிறது.

முதல் நாள் எனக்கு உள்ளூரப் பயம். நாற்பத்தேழு வயதில் மறுபடியும் ஒன்றாம் வகுப்பா? ஆனால் இரண்டாம் நாள் மதியம், சொல்லிக்கொடுக்க வந்த பெண் எல்லோர் முன்னாலும், “மிஸ்டர் மணியம் இஸ் த ஃபாஸ்டஸ்ட்” என்று சொல்லிவிட்டார். போதாதா? என் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த மிதப்பில் வாயை விட்டேன். பழைய ஃபைல்கள் அத்தனையையும் இரண்டே நாளில் புதியதற்கு மாற்றிவிடுகிறேன் என்று பாஸ் லிம்மிடம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் அளக்கப் போகும் எங்கள் ஆட்கள், அடையாள முளைக்கட்டை அடிப்பதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களிடம் கேட்பார்கள் — “கும்புடுற எடம், பொதைச்ச எடம் ஏதும் இருக்கா?” சொன்னதை நோட்டில் குறித்து வருவார்கள். அரசாங்க மேப்பில் இதெல்லாம் இருக்காது. மரத்தடி முனியாண்டிக்கு யார் பட்டா எழுதிக் கொடுத்தார்கள்?

எங்களோடு மேப் வரையும் லெட்சுமி, கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருபவர், அந்த இடங்களைத் தனி லேயரில் வரைந்து வைப்பார். லேயர் என்றால் பெரிய சங்கதி இல்லை. மேப்பின் மேல் விரிக்கிற கண்ணாடித் தாள் மாதிரி. அதற்கு அவர் வைத்த பெயர் ‘சாமி’. வெளியே போகிற மேப்பில் அந்தத் தாள் இருக்காது. ஆனால் அதில் வரைந்த இடத்தின் மேல் எங்கள் முளை விழாது. ஆறு வருஷத்தில் ஒன்றுகூட விழுந்ததில்லை.

புது வெர்ஷனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் வேண்டும். ரோட்டுக்கு ஒரு நம்பர், ஆற்றுக்கு ஒன்று, கால்வாய்க்கு ஒன்று. ‘சாமி’க்கு நம்பர் ஏது? அதனால் பழைய ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கும்: நம்பர் இல்லாதவற்றை விட்டுவிடலாமா?

என்டர் தட்டினால் ‘ஆம்’. நான் தட்டினேன். ஃபைலுக்கு ஒரு தட்டு.

லெட்சுமி பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அண்ணே, என்னமோ கேக்குதே. படிச்சிட்டு அமுக்குங்க.”

“ஒவ்வொண்ணா படிச்சா தீபாவளிக்குத்தான் முடியும் லெட்சுமி” என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

படிக்காமலா தட்டினேன்? இல்லை, முதல் ஃபைலில் படித்தேன். நம்பர் இல்லை என்றால் குப்பை என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்து வந்த வேலை கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங் பக்கம். முன்பு நாங்கள் அளந்த, இப்போது மூடிப்போன ஒரு எஸ்டேட்டின் வழியாகப் புதுத் தொழிற்சாலைகளுக்கு ரோடு போடுகிறார்கள். என் மேப்பை வைத்துக்கொண்டு ஆட்கள் போய் முளை அடித்துவிட்டு வந்தார்கள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. தொழிலாளர்களின் லைன் வீடுகள் காலி, சனங்கள் எல்லாம் டவுன் பக்கம் மலிவு வீடுகளுக்குப் போயாயிற்று. எங்கே பார்த்தாலும் இடுப்பளவு லாலாங் புல். மேப்பிலும் ஒன்றும் இல்லை... பிறகு என்ன, அடிக்க வேண்டியதுதானே?

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, ஓர் அம்மாள் மாடியேறி வந்தார். பெயர் அஞ்சலை. ஐம்பதுக்குள்தான் இருக்கும். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு பஸ் என்று மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. ரோட்டு வேலைக்கு வந்து நின்ற லோரிக்காரரிடம் எங்கள் ஆபீஸ் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிய சீட்டு.

உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, தீபாவளி வருதில்ல, எங்க வீட்டுக்காரரப் பொதைச்ச குழியில புல்லு வெட்டலாம்னு போனேன். படையல் போடணும்ல. செவப்பு பெயிண்டு அடிச்ச கட்ட ஒண்ணு அவரு தலமாட்டுல அடிச்சிருக்கு. அத நான் புடுங்கலாமா? புடுங்குனா போலீஸ் கேஸாயிருமா?”

சண்டை போட வந்தவர் இல்லை. அனுமதி கேட்க வந்திருக்கிறார்.

கம்ப்யூட்டரில் அந்த எஸ்டேட்டைத் திறந்தேன். ரோடு சிவப்பாக, அழகாக, நேராகப் போகிறது. அந்த இடத்தில் வெறும் வெள்ளை. லெட்சுமி எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய பிரிண்ட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார். அதில் இருந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாக இருபதுக்கு மேல் குழிகள், ஓரத்தில் லெட்சுமியின் கையெழுத்தில் ‘சாமி’. ரோட்டின் கோட்டை மனதில் அதன்மேல் வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசிக் குழிகள் அதற்குள் போயின.

அஞ்சலை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது கம்ப்யூட்டர்க்கா” என்றேன். “மாத்துறப்ப அதுவா அழிச்சிருச்சி.”

வாசகர்களே, எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வாக்கியம்? ஒரு நொடி யோசிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் பாவம், நேராகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அழித்தது.

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாளோ எனக்கு ஆறுதல் சொன்னார். “மெஷினுக்கு என்னண்ணே தெரியும், நீங்க மனசுல வச்சிக்காதீங்க.”

கட்டையை நாங்களே வந்து பிடுங்குகிறோம், சொல்லி அனுப்புகிறேன் என்றேன். போகும்போது மேசையில் என் பெயரைப் பார்த்துவிட்டு நின்றார். “நீங்கதான் பேப்பர்ல எழுதுறவரா? ஞாயித்துக்கெழம பேப்பர எடுத்து வச்சிருந்து, திங்கக்கெழம சாப்பாட்டு நேரத்துல நான்தான் எல்லாருக்கும் சத்தமா படிப்பேன். உங்க வீட்டு ஃபேன் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம் லா.”

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த வாரம் புல்டோசர் இறங்குவதாக இருந்தது. அதற்குள் ரோட்டைத் தள்ளிப் போடச் சொல்லி இன்ஜினியருக்கு எழுத வேண்டியிருந்தது. பாஸ் லிம் விஷயத்தைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார். “ஜஸ்ட் ரைட் சாஃப்ட்வேர் எரர் லா. ஹூ வில் நோ?” சாஃப்ட்வேர் கோளாறு என்றே எழுதி ஃபேக்ஸ் அனுப்பினேன். அந்தப் பொய்யை நான் சொன்னது அது இரண்டாவது தடவை.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் ஃபோன் செய்தார். சாஃப்ட்வேரில் கோளாறு என்றால் மொத்த மேப்பையுமே நம்ப முடியாது, விற்ற கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கி வா, அதுவரை வேலையை நிறுத்த மாட்டேன் என்றார். அந்தக் கடிதம் வருவதற்குள் புல்டோசர் வந்துவிடும். அதைவிட, இல்லாத கோளாறுக்கு எந்தக் கம்பெனி கடிதம் கொடுக்கும்?

அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். இதில்கூட நான் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். பிறகு சொன்னேன் — சாஃப்ட்வேர் இல்லை சார், நான்தான் ‘ஆம்’ என்று தட்டி அழித்துவிட்டேன், பழைய பிரிண்ட் கையில் இருக்கிறது.

“அப்படின்னா திருத்தி அனுப்பு. நாளைக்கே நிறுத்தச் சொல்றேன்” என்றார் இன்ஜினியர். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பாஸ் லிம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திருத்திய மேப்பில் கையெழுத்துப் போட்டார். நானும் லெட்சுமியும் ஃபைல்களையெல்லாம் முதலிலிருந்து மாற்றினோம். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தேன். லெட்சுமி ‘சாமி’க்கு ஒரு நம்பர் போட்டுவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல மனுஷன் கதையாக எழுதி உங்களிடம் பேர் வாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஆட்களோடு நாங்களும் போய் முளைகளைப் பிடுங்கினோம். அஞ்சலை அக்கா வந்திருந்தார், கூட வேலை செய்கிற நாலைந்து பெண்களோடு. அவர்களுக்கும் அங்கே சொந்தக் குழிகள் உண்டு. ஃபிளாஸ்க்கிலிருந்து முதல் டீ எனக்குத்தான்.

“இவருதான்” என்று அவர்களிடம் காட்டினார் அக்கா. “அந்த மெஷின் அழிச்சத, இவரு பெரிய எடத்துல பேசி மீட்டுக் குடுத்தாரு.”

ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. சிரித்தேன். ஏனென்றால் பிடித்திருந்தது. கும்பிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திரும்பும்போது, பந்திங் ரோட்டில் வேன் ஏறிய பிறகுதான் லெட்சுமி வாய் திறந்தார். “இன்ஜினியர்கிட்ட சொல்ல முடிஞ்சிச்சி. அக்காகிட்ட மட்டும் ஏண்ணே முடியல?”

பதில் இருந்தது, சொல்லத்தான் வெட்கம். இன்ஜினியர் என்னை என்ன நினைத்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். அவர் என் பத்தியைப் படிப்பதில்லை.

முன்பெல்லாம் நம் தப்புக்கு நேரம் சரியில்லை என்போம், கண் பட்டுவிட்டது என்போம். இப்போது ஆபீஸுக்கு ஆபீஸ் ஒரு பெட்டி வந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பெட்டி வாய் திறந்து இல்லை என்று சொல்லாது. அந்தத் தைரியத்தில்தான் எத்தனை பேர் பிழைக்கிறோம்?

நாளை திங்கட்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பத்தியை அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறவர் அஞ்சலை அக்கா. இதுவரை வாசித்து வந்திருந்தால் அவர் குரல் இந்நேரம் இறங்கியிருக்கும்.

இறக்காதீர்கள் அக்கா. இந்தக் கடைசி வரியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே படியுங்கள்: அழித்தது மெஷின் இல்லை, மணியம்.