திரும்பத் திரும்ப ஓடிய ஆம்புலன்ஸ்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு ஐம்பத்தைந்து. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஹாலில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. 'அமெரிக்கப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு.'

கீழே ஓடிய பட்டையில் ஒரு மாநிலத்தின் பெயர்.

என் மகன் படிக்கும் மாநிலம்!

வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குக் கவினைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... பதினாறு வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் அங்கே படிக்கப் போயிருக்கிறான். பேராதனைக்குத் தனியாக பஸ்ஸில் அனுப்பவே யோசித்தவள் நான். அமெரிக்காவுக்கு எப்படி அனுப்பினேன்? இன்றைக்கும் புரியவில்லை.

போனை எடுத்தேன். ரிங் போனது... எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ம்ஹூம்.

"அங்க இப்ப காலைதானே? ஸ்கூல்ல இருப்பான்" என்றார் என் கணவர், ஆறுதலாக.

ஸ்கூலில் இருப்பான் என்பதுதானே பிரச்சினை!

"அது எம்மாம் பெரிய மாநிலம் தெரியுமா?" என்றார் மறுபடியும்.

"ஒரே மாநிலம்தானே!"

இதுதான் நம் ஊர்க் கணக்கு. ஹேவாஹெட்டயில் ஒரு பஸ் புரண்டால் ஹந்தானையில் யாராவது ஒருவருக்குச் சித்தப்பா அதில் இருப்பார். அந்த மாநிலத்துக்குள் நம் இலங்கையைத் தூக்கி வைத்தாலும் இடம் மிஞ்சும் என்று யோசிக்க அப்போது மூளை எங்கே இருந்தது?

டிவியும் யோசிக்க விடவில்லை. உடுக்கை அடிப்பதுபோல ஒரு மியூசிக். கார்ட்டூன் மனிதன் ஒருவன் துப்பாக்கியோடு கார்ட்டூன் வகுப்பறைகளுக்குள் ஓடுகிறான். நேரலையில் ஒரு செய்தியாளர். அவர் நிற்பது வேறு ஏதோ மாநிலத்தில், யாருடைய வீட்டு கராஜுக்கோ முன்னால். "பதற்றமான சூழல் நிலவுகிறது" என்றார். எங்கே நிலவுகிறது? என் வீட்டு ஹாலில்தான்! ஒரு ஆம்புலன்ஸ் இடப்பக்கம் திரும்பியது. மறுபடியும் வந்து, மறுபடியும் திரும்பியது. நான் பார்த்த வரைக்கும் அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேயில்லை.

"ஐயோ கவின்!" என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. எதிர்க்கடை பாரூக் நானா போட்டது போட்டபடி ஓடிவந்தார்.

"அழவாணாம் தங்கச்சி. புள்ளக்கி ஒண்ணும் ஆகியீக்காது. துஆ செய்வோம்."

அவர் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் அவர் ஓடிவந்ததைப் பார்த்தவர்கள்? கடையில் நின்ற ஒருவர் 'டீச்சர் மகனுக்கு என்னமோ ஆயிருச்சி' என்றிருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டில் அது 'சூடு பட்டிருச்சி' என்று வளர்ந்திருக்கிறது. சந்தியைத் தாண்டுவதற்குள்... வேண்டாம், எழுதக் கை வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு சின்ன லொறி. முன்னால் எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் தனபால் அண்ணன். பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள், கூடாரத் துணி, டீ போடும் பெரிய கேத்தல், மடித்து வைத்த வெள்ளைக் கொடிகள். எங்கள் சங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு – வீட்டுக்காரர் கேட்கும் முன்பே கதிரை வந்து இறங்கிவிடும்.

"மனசத் தளர விட்றாதீங்க டீச்சர். கூடாரத்த வாசல்லயே அடிச்சிரவா?"

என் கணவர் பாய்ந்தார். "யோவ் தனபாலு! யாருய்யா செத்தா? புள்ள போன எடுக்கல, அம்புட்டுத்தான்!"

"அப்படியா சார்?" அண்ணன் முகத்தில் நிஜமான சந்தோஷம். "சரி, கதிரைய எறக்கியாச்சி... உக்காந்து பாப்போம்."

உட்கார்ந்தோம். வேறு என்ன செய்ய?

அதற்குள் கணவர் பள்ளிக்கூடத்தின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போனை என்னிடம் நீட்டினார். ஊருக்கெல்லாம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். வாயில் வந்தது, "மை சன்... கவின்... மை சன்..." அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் ஒரு பெண். அவசரமே இல்லாத குரல். சூடு நடந்த பள்ளி எங்கள் பள்ளியிலிருந்து காரில் ஏழு மணி நேரம் என்றாள். உங்கள் மகன் கணக்குப் பாடத்தில் இருக்கிறான் என்றாள். காலையிலேயே எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்களாம். கூப்பிடட்டுமா என்றாள்.

கவின் வந்தான்.

"அம்மா! டெஸ்ட் நடக்குது. கிளாஸே என்னயப் பாக்குது. மானம் போவுது!"

இதைவிட இனிமையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. வாசலில் ஒரே ஆரவாரம். பாரூக் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனபால் அண்ணன் கேத்தலை அடுப்பில் ஏற்றச் சொன்னார்.

வைக்கும் முன் கவின் மெதுவாகச் சொன்னான். "இங்க டிரில் வைப்பாங்கம்மா. கதவப் பூட்டி, லைட்ட அணைச்சி, மூலையில சத்தமில்லாம ஒக்காரணும். மத்தவங்களுக்குப் பழகிருச்சி. எனக்குத்தான் இன்னும் பழகல."

இத்தனை மாதமாக அவன் இதை என்னிடம் சொல்லவேயில்லை.

"போன தடவ இப்படி எங்கயோ நடந்தப்ப எங்க டீச்சர் சுட்டவன் பேரச் சொல்லவே மாட்டேன்னுட்டாங்க. செத்த புள்ளைங்க பேர மட்டும் போர்டுல எழுதினாங்க."

சுருக்கென்றது. மறுநாள் நான் டிவியைப் பார்த்தேன், பேப்பரைப் பார்த்தேன். சுட்டவனின் முகம், அவன் சட்டை நிறம், அவன் வளர்த்த நாய் எல்லாம் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள்? அவர்கள் ஓர் எண்ணிக்கை.

நமக்கும் இது புதிதா என்ன? நம் ஊர்ப் பள்ளிக்கூட கேட்டிலும் பெற்றோர் முறை வைத்து நின்று, குண்டு இருக்கிறதா என்று புத்தகப் பைகளைத் திறந்து பார்த்த காலம் இருந்தது. நானும் நின்றேன். லஞ்ச் பாக்ஸிலிருந்து கருவாட்டு வாசம் வந்தால் அதுவே பெரிய நிம்மதி.

அன்று மாலை 'ஏழு மணி நேரம்' என்று கேட்டதும் நான் துள்ளினேன். அந்த ஏழு மணி நேரத்தின் மறுமுனையில் ஒரு தாய் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள்... அவளுடைய பிள்ளை எடுக்க மாட்டான். டீ ஆறிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன்.

எல்லாரும் எழுந்து புறப்படும் நேரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. யூடியூப் சேனல்காரர். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே மைக்கை நீட்டினார்.

"அக்கா, சூடு பட்ட மாணவரோட அம்மா நீங்கதானே?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல தம்பி. கணக்கு டெஸ்ட் எழுதிக்கிட்டிருக்கான்."

"சின்னக் காயமாவது..?"

"அது ஏழு மணி நேரத் தூரம் தம்பி. அவனுக்குச் சத்தம்கூடக் கேக்கல."

அவர் முகம் வாடிவிட்டது. மைக்கை மட்டும் இறக்கவில்லை.

"கொஞ்சம் பக்கத்துலயாவது இருந்திருக்கக் கூடாதாக்கா?"