தூசி தெரிந்தால் நிற்கும் ரயில்

போன வாரம் ரயிலைத் தவறவிட்டேன். தவறவிட்டேன் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. ரயில்தான் என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று. ஒரு கையில் பை, மறு கையில் அவிழ்கிற வேட்டி என்று ஓடி வந்தேன். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு, வேலியோரத்து மாட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தபடியே பச்சைக் கொடியை ஆட்டினார். அடுத்த வண்டி சாயங்காலம். பெஞ்சில் விழுந்தேன். இந்த வயதில் போன மூச்சு திரும்பி வர நேரமாகிறது. அது வருவதற்குள், வெயிலில் காய்ந்த தண்டவாளக் கட்டைகளின் தார் வாடை வந்து சேர்ந்தது.

இந்த வாடையில்தான் யுத்த காலத்தில் நான் உத்தியோகம் பார்த்தேன். இதே ஸ்டேஷனில் சின்ன மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும் பிறகு அங்கிருந்து தெற்கேயும் தண்டவாளம் போட்டதை வேடிக்கை பார்த்தவன். அதையே நிறுத்தவும் ஓட்டவும் என்னை நம்பினார்கள் என்றால் யுத்தத்தில் ஆள் பஞ்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் அறை, ஒரு வேப்பமரம், மணிக்குப் பதில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ஸ்டேஷன் அவ்வளவுதான். காலையில் வடக்கே ஒரு வண்டி, பகலில் போக ஒன்று வர ஒன்று, சாயங்காலம் தெற்கே ஒன்று. யுத்தம் வந்ததும் பகல் வண்டிகளை எடுத்துவிட்டார்கள். பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடின. மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ளினார்கள். ஆகவே காலை வண்டியை விட்டால் அன்றைய பொழுது போயிற்று.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அரிமளம் பக்கத்து மண் ரோட்டில், கண்மாய்க்கரைக்கு அப்பால் தூசி கிளம்பினால் ரயில் நிற்கும். தூசி என்றால் மாட்டு வண்டி; மாட்டு வண்டி என்றால் பிரயாணி. எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. டிரைவர் பீடி பற்றவைப்பார், கார்டு வேப்ப நிழலுக்கு வருவார், வண்டி வந்து சேரும், ரயில் போகும்.

ஒருநாள் பெரிய மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று காலை போர்ட்டர் முத்தையா வந்து சொன்னார்: "எங்க தெரு வீரையா சம்சாரத்துக்கு நேத்தே வலி கண்டுருச்சு. புள்ள திரும்பிக் கெடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. இந்த வண்டிக்குத்தான் கொண்டாராக, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு."

ரயில் வந்து நின்றது. ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த ஸ்டேஷனில் ராணுவ ஸ்பெஷல் ஒன்று எதிரே காத்திருந்தது. எங்கள் வண்டி போனால்தான் அதற்கு வழி. டெலிபோன் அலறியது. எடுத்தேன். அந்த ஊர் மாஸ்டர் என் பரம்பரையை விசாரித்தார். வைத்துவிட்டேன்.

ஒற்றைப் பாதையில் டிரைவர் கையில் பிரம்பு வளையம் சேராமல் ரயில் நகரக்கூடாது. அதில் கோத்த தோல்பைக்குள் இருக்கும் இரும்புக் குண்டுதான் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான அனுமதி. அந்த வளையத்தை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். சம்பளத்தில் முதன்முதலாகத் தைத்த கால்சட்டை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. வேலை போனால் அதுவும் போகும் என்று தெரிந்து முன்கூட்டியே புறப்பட்டதோ என்னவோ.

"என்ன தம்பி, மாப்பிள்ளை மாலையா? கொடுங்க இங்கிட்டு," என்றார் கார்டு. திருச்சிக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுகிறவர்.

"தூசி வரும் சார்."

"வந்தா சொல்லுங்க, மூக்கப் பொத்திக்கிறேன்."

வந்தது. கண்மாய்க்கரைக்கு அப்பால் செம்மண் எழும்பியது. "வண்டித் தூசிதேன். என் கண்ணு பொய் சொல்லாது," என்றார் முத்தையா. நான் வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கரை மீது தூசி ஏறி, இறங்கி, பக்கத்தில் வந்து, விலகியது.

உள்ளே ஆடுகள். ரோடு கொள்ளாத ஆடுகள்.

பெட்டிகளில் இருந்தவர்களெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார்கள். "எல்லாத்துக்கும் டிக்கெட் போட்டுட்டீங்களா, இல்ல குட்டிக்கு அரை டிக்கெட்டா?" என்றார் கார்டு. முத்தையா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கழுத்திலிருந்து வளையத்தைக் கழற்றினேன். டிரைவர் கையை நீட்டினார். கொடுக்கவேண்டியதுதான், கை மட்டும் வரவில்லை.

அப்போதுதான் ஆடுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "ஏ இடையா, ஒன் ஆட்டுக்கு என்ன அவசரம், இந்த ரயிலுக்கா போவுது? ஒதுக்குய்யா அங்கிட்டு."

வீரையா மனைவி ராக்குதான். வண்டிக்குள் வைக்கோல்மேல் படுத்தவாக்கில் கத்திக்கொண்டிருந்தாள். கரை நெடுக ஆடுகள் வழிவிடவில்லையாம்.

ஜன்னலில் சிரித்தவர்களே இறங்கிப்போய் அவளைத் தூக்கி வந்தார்கள். வீரையா டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினான். "அத வந்து வாங்கிக்கலாம், ஏறுய்யா," என்றாள் ராக்கு பல்லைக் கடித்துக்கொண்டு.

வளையம் கை மாறியது. "தாமதத்துக்குக் காரணம் எழுதணுமே சார்," என்றேன்.

"வழியில ஆடுன்னு எழுதிக்கிறேன். எந்த வழின்னு எவன் கேக்கப் போறான்? போய் மொதல்ல கால்சட்டையைக் கட்டுங்க," என்றார் கார்டு.

மறுநாள் வீரையா வந்து சொன்னான், ஆஸ்பத்திரி வாசலை மிதித்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை, தாயும் பிழைத்தாள் என்று. டிக்கெட்டையும் வாங்கினான். நானும் கிழித்துக் கொடுத்தேன், போய் வந்துவிட்ட பிரயாணத்துக்கு.

எல்லாம் யோசித்து முடித்தபோது மூச்சு வந்திருந்தது. என்னைப் பார்த்தபடி கொடியாட்டிய கார்டின்மேல் இருந்த கோபமும் ஆறியிருந்தது; அவர் அந்தப் பழைய கார்டின் பேரனோ யாரோ. பெஞ்சிலிருந்து கண்மாய்க்கரை நன்றாகத் தெரிந்தது. ரோட்டுக்குப் போன வருஷம் தார் போட்டுவிட்டார்கள். கறுப்பாக, வழவழவென்று கிடக்கிறது. நான் வந்த வண்டியும் அதில்தான் வந்தது. ஒரு பொட்டுத் தூசி கிளம்பவில்லை. நான் வருகிறேன் என்று கொடியாட்டிய மனுஷனுக்கு எப்படித் தெரியும்?