நான் சொன்ன நான்கு பொய்களைத் திருத்தப் போன புதன்கிழமை

தேனியிலிருந்து சுருளிப்பட்டி வரை ஒரே நாளில் பேருந்திலேயே போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போன காரணம் மட்டும் கொஞ்சம் அவமானகரமானது. மூன்று வருடங்களாக நான் சொல்லி வைத்திருந்த நான்கு பொய்களை, சொன்ன இடத்துக்கே போய்த் திருத்திக்கொண்டு வரவேண்டும் என்று என் தங்கை எனக்குத் தண்டனை விதித்திருந்தாள். போன ஆனி மாதத்துக் கடைசிப் புதன்கிழமை அது நிறைவேறியது.

தங்கை மல்லிகா தேனி அல்லிநகரத்தில் இருக்கிறாள். அவள் மகள் பொன்னிக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருடமாகப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறாள். திங்கள் கணக்கு, செவ்வாய் அறிவியல், வியாழனும் வெள்ளியும் மொழிப்பாடங்கள். நடுவில் இருக்கும் புதன் வெளியே போகும் நாள். அந்தத் துறைக்கு அமைச்சர், துணைவேந்தர், கடைநிலை ஊழியர் மூன்றும் நானே. போடி பஜாரில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். புதனன்று நான் கடையைப் பூட்டினால் மாவட்டத்தில் பாதிக் கிணறுகள் திகைத்து நின்றுவிடும். இருந்தாலும் நாட்டின் எதிர்காலம் முக்கியம் அல்லவா?

பொன்னி ஒவ்வொரு புதனும் வீடு திரும்பியதும் ஒரு நோட்டில் ‘இன்று அறிந்தவை’ என்று தலைப்புப் போட்டு எழுதுவாள். ஆறு, மலை, ஆட்டுக்குட்டி என்று எழுதுகிறாள் போலிருக்கிறது என நினைத்திருந்தேன். அடுத்த வருடம் அவள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப்போகிறாளே என்று மல்லிகா அந்த நோட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். அன்று மாலையே போன் வந்தது.

"அண்ணே, வீரபாண்டி ராட்டினத்து உச்சியில கேரளா செக்போஸ்ட் இருக்குதா?"

"ராட்டினம் அம்புட்டு ஒசரம்னு ஒரு பேச்சுக்குச் சொன்னது மல்லி..."

"பேச்சுக்கா? பிள்ள படம் வரஞ்சு வச்சிருக்கு. செக்போஸ்ட்டுக்குக் கலர் வேற அடிச்சிருக்கு."

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. நாலு பொய், நாலு திருத்தம். ஒவ்வொன்றையும் அந்த ஊர் ஆளிடம் பொன்னியே கேட்டு, சிவப்பு மையில் எழுதி, சொன்னவர் பெயரும் கையெழுத்தும் வாங்க வேண்டும். அவள் கேட்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் புதன்கிழமை என் கையைவிட்டுப் போய்விடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளை வேனில் அழைத்துப்போகும் ஒரு டீச்சர் தேனியில் இருக்கிறார். அருங்காட்சியகம், கோளரங்கம் என்று முறையாகக் காட்டுகிறவர். அந்த வேனில் மாமாக்களுக்கு இருக்கை கிடையாது.

காலை 7.40க்குத் தேனி பழைய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினோம். வீரபாண்டி எட்டு கிலோமீட்டர், இருபது நிமிடம். பொன்னிக்கு டிக்கெட் இல்லை, எனக்குப் பத்து ரூபாய். பெண்பிள்ளையோடு போனால் பயணம் பாதி விலை. அவள் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முதல் புதன்கிழமை ஞாபகம் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, தன் உயரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில், நிமிடத்துக்கு ஏழு ‘ஏன்’. பழனிசெட்டிபட்டி தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்த உண்மைகள் எல்லாம் தீர்ந்துபோயின. சுருளி அருவிக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் பாக்கி இருந்தது. வேறென்ன செய்வது? கையிருப்பில் இருந்த மற்ற சரக்கை எடுத்துவிட்டேன்.

பஸ்ஸில்தான் மல்லிகா எழுதிக் கொடுத்த பட்டியலைப் பிரித்தேன். ஒன்று, ராட்டினம். இரண்டு, மார்க்கையன்கோட்டை நாற்று. மூன்று, சுருளிப்பட்டித் திராட்சை. நான்காவதை இரண்டு முறை படித்தேன். ‘அம்மா ஆறாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து தப்பியோடியது.’

முதல் மூன்றும் பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். நான்காவது, நாங்கள் கம்பத்தில் படித்த காலத்தில் நிஜமாகவே நடந்தது. நான் அதில் ஒரு பத்தடிச் சுவரும், ஒரு கடத்தப்பட்ட மாட்டுவண்டியும், துரத்தி வந்த மூன்று காவலர்களும் சேர்த்திருந்தேன். அவ்வளவே. பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

"நாலாவது பொய் இல்லயே மல்லி?"

"பொய்தான்ணே. அத யார்ட்டயும் கேக்க வேணாம். பொய்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுரு." வைத்துவிட்டாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ‘பள்ளிக்கூடத்துக்குப் பயந்தவ, பிள்ளையையும் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கா’ என்று சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் பேசுவார்கள். பொன்னி காதில் அது விழுந்துவிடக் கூடாது என்று மூன்று வருடமாக எந்தக் கல்யாணத்திலும் பந்தி முடிந்த உடனே மல்லிகா கிளம்பிவிடுகிறாள்.

வீரபாண்டியில் கோயில் தெருவில் வளையல், பொரி விற்கும் அக்காவிடம் பொன்னி நோட்டை நீட்டினாள். சித்திரைத் திருவிழாவுக்கு ராட்டினம் நிற்கும் இடம் இப்போது வெறும் பொட்டல். ஆனிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

"ராட்டினத்து மேல செக்போஸ்ட்டா? எவன் சொன்னது? நான் வருசா வருசம் ஏறுறேன். மேல போனா எங்க வீட்டு ஒடஞ்ச ஓடுதான் தெரியும். அதப் பாத்துட்டுக் கீழ எறங்கி எங்க வீட்டுக்காரர நாலு வார்த்த கேப்பேன்." அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவுகதானா? பாத்தா நல்ல மனுசராத்தான் தெரியிறாக."

அங்கேயே ஆளுக்கு மூன்று இட்லி, ஒரு வடை, மொத்தம் எழுபது ரூபாய். சின்னமனூருக்கு அடுத்த பஸ், அரை மணி நேரம். அங்கிருந்து மார்க்கையன்கோட்டை ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது. ஆட்டோக்காரத் தம்பி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொய்யத் திருத்தவா போறீக? எங்க ஆளுகளும் இப்பிடிக் கெளம்புனா வருசம் பூரா எனக்குச் சவாரிதேன்" என்றார்.

முதல் போக நடவு நடந்துகொண்டிருந்தது. போன வருடம் இதே வரப்பில் நின்றுதான், நடவுப் பெண்கள் குலவை போட்டால் நாற்று ஒரு இஞ்ச் வளரும், நானே டேப் வைத்து அளந்திருக்கிறேன் என்று பொன்னியிடம் சொன்னேன். அவள் அன்று சேற்றில் இறங்கி, தொண்டை கட்டும்வரை ஒரே ஒரு நாற்றுக்குக் குலவை போட்டாள். எனக்கு அப்போது சிரிப்பு. இப்போது அந்த வரப்பில் நிற்கச் சிரிப்பு வரவில்லை.

பொன்னி கேட்டதும் ஒரு பெண் நிமிர்ந்தார். "ஏண்டி, இங்கன வாங்கடி, இந்தக் கூத்தக் கேளுங்க! ஏத்தா, குலவை போட்டா எங்க இடுப்பு வலி மறக்கும். நாத்து வளர்றதுக்குத் தண்ணியும் உரமும் வேணும்."

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "அப்பிடியே வளரும்னா மொதல்ல இவுகள நட்டு வச்சுக் குலவை போடுவோம்டி. இன்னும் ரெண்டு இஞ்ச் வளரட்டும், பாவம்!"

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பதில் சொல்லத் தடை இருந்ததால் வயல் தப்பித்தது.

சின்னமனூர் திரும்பி, கம்பத்துக்குப் பஸ். சுமார் இருபது கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். கம்பத்தில் மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கு இருநூறு. அங்கிருந்து சுருளிப்பட்டி ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ் கிடைத்தால் பத்து ரூபாய். எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்தோம்.

சாலையோரத் தோட்டத்தில் பேச்சியம்மாள் பன்னீர் திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். என்னைச் சிறுவயதிலிருந்தே தெரிந்தவர்; புதன்கிழமைகளில் பலமுறை அவரிடம் வாங்கியிருக்கிறோம். கொடியைத் தரையில் விட்டால் விடிவதற்குள் கம்பம் வரை ஓடிவிடும், அதனால்தான் பந்தலில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பது என் மூன்றாவது பாடம். பேச்சியம்மாள் அதை இரண்டே வரியில் முடித்தார். "தரையில கெடந்தா அழுகிப்போகும். பந்தல்ல கெடந்தாத்தான் காத்து வரும், வெயில் வரும், மருந்தடிக்கத் தோதா இருக்கும்." கையெழுத்தும் போட்டார்.

நான் நோட்டை வாங்கக் கை நீட்டினேன். நாலாவதை நானே எழுதிவிடலாம் என்ற திட்டம். பொன்னி முந்திக்கொண்டாள்.

"ஆச்சி, எங்க அம்மா சின்னதுல பள்ளிக்கூடத்த விட்டுத் தப்பிச்சு இங்கனதான் வந்தாகன்னு மாமா சொன்னாக. மாட்டுவண்டியக் கடத்திக்கிட்டு."

"அது நான் சும்மா சொன்னது ஆத்தா," என்றேன் அவசரமாக. "சுத்தப் பொய். எழுது, பொய்னு எழுது."

"நீ சும்மா இருய்யா," என்றார் பேச்சியம்மாள். "மாட்டுவண்டியும் இல்ல, கழுத வண்டியும் இல்ல. நடந்துதான் வந்துச்சு. இந்தா, இந்தப் பந்தலுக்குள்ள ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. பேரு என்னத்தான்னா ‘ம... ம...’ன்னு நிக்குது. பாடம் வாசிக்கச் சொன்னாகளாம், திக்குச்சாம், பிள்ளைக எல்லாம் சிரிச்சிருக்குக. வாத்தியாரும் சேந்து சிரிச்சாராம். பையப் போட்டுட்டுக் கெளம்பிருச்சு. பெறகு இவரு தேடி வந்தாரு, ஒத்தக் கால்ல செருப்பில்லாம. ரெண்டு பேருக்கும் பழத்தக் குடுத்து நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன்."

பொன்னி பேனாவை மூடினாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். "அதான் அம்மா சத்தமா வாசிக்க மாட்டாகளா?"

அந்த வீட்டில் வாசிப்பது எப்போதும் பொன்னிதான். தமிழ்ப்பாடம், செய்தித்தாள், மருந்துச்சீட்டு வரைக்கும். மல்லிகா கேட்டுக்கொண்டிருப்பாள். அது ஒரு கற்பிக்கும் முறை என்றே நானும் பொன்னியின் அப்பாவும் ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாலை 4.10க்குக் கம்பத்தில் தேனி பஸ். ஒன்றேகால் மணி நேரம். உத்தமபாளையம் வரை நான் பேசவில்லை, இது ஒரு மாவட்ட சாதனை. பிறகு மெல்லச் சொன்னேன். "நாலாவதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன் ஆத்தா. பொய்னே இருக்கட்டும். அம்மாவுக்கு அதுதான் புடிக்கும்."

"மூணு பொய் சொல்லிட்டீக மாமா. நாலாவதும் சொல்லணுமா?"

"சொல்லலன்னா அம்மா மனசு கஷ்டப்படும். வேனும் வந்துரும்."

அவள் நோட்டை மடியில் விரித்து, கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதினாள். வீரபாண்டி வந்தது, போனது. மூன்று வருடத்துப் புதன்கிழமைகள் எல்லாம் எதிர்ப்பக்கமாக ஓடுவது போல இருந்தது எனக்கு. இனி இந்த ஜன்னலோரம் அவள் இருக்க மாட்டாள், பக்கத்தில் நான் இருக்க மாட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் மல்லிகா நோட்டை வாங்கி நின்றபடியே படித்தாள். ராட்டினத்துக்குச் சிரித்தாள். நாற்றுக்குச் சிரித்தாள். நாலாவதுக்கு உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். பொன்னி இப்படி எழுதியிருந்தாள்:

‘மாமா சொன்னது தவறு. சுவர் இல்லை. மாட்டுவண்டி இல்லை. அம்மா தனியாக ஐந்து கிலோமீட்டர் நடந்தார். சொன்னவர்: பேச்சியம்மாள், சுருளிப்பட்டி.’

"வேற ஒன்னும் சொல்லலயா?" என்றாள் மல்லிகா.

"சொன்னாக. அத எழுதல, கையெழுத்தும் வாங்கல. அது ஒங்க விசயம்ல?"

மல்லிகா அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை வாங்கி, கீழே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பொன்னி வாங்கவில்லை.

"வாசிங்கம்மா."

"‘வாசிக்கும்போது தி... திக்கியதால் கிளம்பினேன். சொன்னவர்...’" அதோடு நின்றது. தன் பெயர், அதன் முதல் எழுத்து வரவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பொன்னி அடியெடுத்துக் கொடுக்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. "‘ம... மல்லிகா. தேனி.’"

"நாலும் முடிஞ்சது," என்று பொன்னி நோட்டை மூடினாள்.

வேன் டீச்சரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மறுவாரம் செவ்வாய் இரவு மல்லிகா போன் செய்து, நாளைக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டு, தானும் வருவதாகச் சொன்னாள். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுண்ணே. கூட்டிக் குறைக்காம எழுது" என்றாள். முடிந்தவரை முயன்றிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை எட்டு மணிக்குள் தேனியை விட்டுக் கிளம்புங்கள். ஆனி, ஆடியில் காற்று பலமாக இருக்கும். தொப்பியை நம்பாதீர்கள், துண்டு கட்டுங்கள். கட்டணங்கள் நான் போன அன்றைக்கு உள்ளவை. சுருளி அருவி, சுருளிப்பட்டியிலிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும். தண்ணீர் அதிகமானாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறையினர் விடமாட்டார்கள், கம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திராட்சையைத் தோட்டத்தில் வாங்கினால் வீட்டுக்கு வந்து நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால், பக்கத்தில் நிற்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். என் முறையைப் பின்பற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. புதன்கிழமை கம்பம் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் ஒரு அம்மா கடைகளின் பெயர்ப்பலகைகளைச் சத்தமாக, நின்று நின்று வாசித்துக்கொண்டு வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள், அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். உத்தமபாளையம் வரை பலகைகள் நிறைய இருக்கின்றன. அவள் மெதுவாகவே வாசிக்கட்டும்.