வயிறு வைக்காத கூடாரம்

வலது உள்ளங்கையில் கட்டியிருந்த தோல்பட்டை ஊசியைத் தள்ளியது. இடது கை கித்தான் துணியின் இரண்டு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்திருந்தது. ஊசி மறுபக்கம் தலைகாட்டியதும் விரல்கள் அதைப் பற்றி இழுத்தன. மெழுகு தேய்த்த நூல் உராய்ந்துகொண்டு துளைக்குள் ஓடி இறுகி நின்றது. பிறகு அடுத்த தையல். இரண்டு துண்டும் சேரும் மூட்டின் தொடக்கத்தில் துணியை ஒரு விரலகலம் கூடுதலாக உள்ளே தள்ளி, நடுவை நெருங்க நெருங்கத் தளர்த்தி, முடிவில் மறுபடியும் இறுக்கின அந்தக் கைகள். யாரும் சொல்லித் தரத் தேவையில்லாமல், கண் பார்க்கவும் தேவையில்லாமல் அப்படிச் செய்தன.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றாள் பெண்சாதி லூர்த்தம்மா.

"வை. இந்த மூட்டு முடியட்டும்."

"நேற்றும் இதைத்தான் சொன்னியள். ஆறினதைப் பிறகு கோழிக்கு ஊத்தினன். கோழிதான் இப்ப ஊக்கமாத் திரியுது, நீங்கள் வத்திப் போனியள்."

சிமியோன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். பருத்தித்துறைக் கரையில் கப்பல்களுக்கும் வள்ளங்களுக்கும் பாய் தைப்பவர் அவர். ஆவணி பிறந்துவிட்டால் அவருடைய கொட்டிலுக்குள் கால் வைக்க இடமிராது. அக்கரையில் வேளாங்கண்ணி மாதாவின் திருநாளுக்குச் சனங்களை ஏற்றிப்போகும் கப்பல்கள் எல்லாம் கிழிந்த பாயைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "அண்ணை, எங்கடையை முதலிலை பாருங்கோ" என்று நிற்கும் காலம் அது. ஊராருடைய பாய்களுக்குப் பகல் முழுவதும் போய்விடும். தன்னுடைய வேலைக்கு அவருக்குக் கிடைத்தது விடியற்காலை மட்டுந்தான். விடியுமுன் எழும்பி, கோழி கூட்டைவிட்டு இறங்கும் வரைக்கும் தைப்பார். பிறகு ஊர் வேலை. பொழுதுபட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக் கோப்பையில் கை வைத்தபடியே கண் செருகும்.

விடியலில் அவர் தைத்துக்கொண்டிருந்தது ஒரு கூடாரம். அவருக்கும் லூர்த்தம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக, வேளாங்கண்ணி மணலில் கட்டிக்கொண்டு தங்குவதற்கு.

திருநாளுக்குப் போகிற யாரும் அங்கே வீடு எடுத்துத் தங்குவதில்லை. கப்பலிலிருந்து இறங்கி, கடலோரத்து மணலில் ஆளுக்கோர் இடம் பிடித்து, அங்கேயே சமைத்து அங்கேயே படுத்து, கொடி இறங்கிய பிறகு திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். பள்ளிக்கூடம் இல்லை, அடி இல்லை, வாசலைத் தாண்டினால் கடல். மூன்று வருடத்துக்கு முன் இவர்களும் அப்படித்தான் போயிருந்தார்கள். மற்ற எல்லாரையும் போலத் துடுப்புத் தண்டு இரண்டை நட்டுப் பழைய பாயொன்றை மேலே போட்டுப் படுத்தார்கள். ஒரு மாலை தரைப்பக்கமிருந்து திடீரென்று கறுத்துக்கொண்டு வந்த மழை, பாயையும் தண்டையும் ஒன்றாகச் சாய்த்துவிட்டது. மூத்தவள் பிலோமிக்கு அப்போது நாலு வயது. விடியும்வரை நனைந்த சீலைக்குள் கிடந்தவளுக்குச் சளிக்காய்ச்சல் கண்டு, மூச்சு இழுத்தது. கோயில் படியில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு லூர்த்தம்மா நேர்ந்தாள்: இந்தப் பிள்ளையை உயிரோடு தந்தால், இதே பிள்ளையைத் திருநாளுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து மெழுகுதிரி கொளுத்த வைப்பேன்.

பிள்ளை பிழைத்தாள். நேர்த்திக்கடன் தீராமல் நின்றது. அடுத்த திருநாளுக்கு லூர்த்தம்மா சின்னவள் திரேசாவைப் பெற்றுப் படுத்திருந்தாள். அதற்கடுத்த வருடம் வழிச்சாப்பாட்டுக்கு அரிசிமா வறுத்து, பனங்கிழங்கை அவித்து உலர்த்திய புழுக்கொடியல் கட்டி, ஆட்டை அயலில் விட்டு, மூட்டை முடிச்சோடு கரைவரைக்கும் வந்தார்கள். லூர்த்தம்மா வானத்தைப் பார்த்தாள். தெற்கே ஒரு துண்டு மேகம் கிடந்தது. அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

இந்த வருடம், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இறந்த வருடம், அவள் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள்.

"நனையாத கூரை எண்டால் வாறன். இல்லையெண்டால் மாதா என்னை என்னவும் செய்யட்டும். பிள்ளையைக் கொண்டுபோய் நனைச்சு நேர்த்தி தீர்க்கேலாது."

ஆகவே கூடாரம். நிலம் அளக்க வந்த துரைமாரின் கூடாரமொன்றை சிமியோன் ஒருமுறை சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு, முன்னும் பின்னும் மறைப்பு. பாய் வெட்டி மிஞ்சிய நல்ல கித்தான் துண்டுகள் அவரிடம் சேர்ந்துகிடந்தன. ஓரத்துக்குக் கயிறு பதித்தார், மூலைகளில் இரட்டைத் துணி வைத்தார். மணலில் முளைக்குச்சி நிற்காது என்பதால், சாக்குகளில் மணல் நிரப்பிப் புதைத்து அவற்றில் கட்டுவதற்கு நீளக் கயிறுகள் விட்டார். தையல் முடிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த கையோடு கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நன்றாகப் பிடித்திருந்தது. இவர்களை ஏற்றிப்போகவிருந்த கப்பலை நடத்தும் தண்டையல் கதிரவேலு தன் ஆட்களோடு கரையில் நின்றார். லூர்த்தம்மாவின் தமக்கை மரியநாயகியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். மூங்கிலை நட்டு, முகட்டைப் போட்டு, சாக்குகளைப் புதைத்து, கயிறுகளை இழுத்துக் கட்டினார்கள். கூடாரம் எழுந்து நின்றது. பிள்ளைகள் மூவரும் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

ஒரு வீச்சுக் காற்று வாசல் பக்கத்தால் உள்ளே புகுந்தது. கூரையின் இரண்டு சரிவுகளும் மெல்ல வெளியே தள்ளின. பிறகு உருண்டு திரண்டு விம்மின. மூங்கில்கள் மணலைக் கிளப்பிக்கொண்டு ஆடின. ஒரு சாக்கு மண்ணுக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது. பிள்ளைகள் மேல் மணலைத் தூவிவிட்டுக் கூடாரம் ஒரு பக்கமாக எழும்பி, பத்து ஆள் நீளம் தள்ளிப்போய்க் கவிழ்ந்தது. நடுவிலான் சவிரி அதன் கயிற்றைப் பிடித்தபடி கூடவே இழுபட்டுப் போனான்.

"இன்னொருக்கா! ஐயா, இன்னொருக்கா!" என்று கத்தினான் அவன், வாய் நிறைய மணலோடு.

கதிரவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிமியோன், இனி என்ரை கப்பல் உனக்கெதுக்கு? உதிலை ஏறி இருந்தியெண்டால் சோளகம் உன்னை நேரே கொண்டுபோய்க் கோயில் வாசலிலை இறக்கிவிடும்!"

"சுக்கானொண்டும் வைச்சுத் தையுங்கோ" என்றாள் மரியநாயகி. "இல்லாட்டி நாகபட்டினத்துக்குப் போயிடுவியள்."

லூர்த்தம்மா சிரிக்கவில்லை. பிலோமியை அருகில் இழுத்து, அவளுடைய தலைமயிரிலிருந்து மணலைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, சிமியோனைப் பாராமல் சொன்னாள். "சரி. ஆட்டை அயலிலை விடத் தேவையில்லை. வாங்கோ பிள்ளையள், வீட்டை போவம்."

கயிறு தளர்ந்திருக்கும் என்று சிமியோன் முதலில் நினைத்தார். கவிழ்ந்து கிடந்த கூரையை மணலில் விரித்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஓரங்களில் துணி இறுகிக் கிடந்தது. நடுவில் வந்ததும் கைக்குக் கீழே நெளிந்து பொங்கியது. அப்போதுதான் விளங்கியது. பாய்க்கு வயிறு வேண்டும். வயிறு இல்லாத பாய் காற்றைப் பிடிக்காது, கப்பல் நகராது. அதற்காகத்தான் ஒவ்வொரு மூட்டையும் இரண்டு முனையில் கூட்டி, நடுவில் குறைத்துத் தைப்பது. கூடாரத்துக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. காற்று பிடிக்கக் கூடாது, தண்ணீர் தங்கக் கூடாது. இது அவருக்குத் தெரியாததல்ல. கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார். ஆனால் கைகளை யாரும் கேட்கவில்லை. ஒரு மூட்டு விடாமல் அவை வயிறு வைத்துத் தைத்திருந்தன.

"பிரிக்கவேணும்" என்றார்.

"எந்த மூட்டை?" என்றார் கதிரவேலு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

"எல்லா மூட்டையும்."

கதிரவேலு பிறகு சிரிக்கவில்லை. "என்ரை பெரிய பாய் உன்ரை கொட்டிலிலை கிடக்கு, சிமியோன். அது இல்லாமல் ஒருத்தரும் போகேலாது."

"தெரியும் அண்ணை. அது முதலிலை."

தைப்பதைவிடப் பிரிப்பது கொடிது. தைக்கும்போது கையில் ஒன்று வளர்வது தெரியும். பிரிக்கும்போது தன் விடியற்காலைகளையே ஒவ்வொன்றாக வெட்டி எறிவது போலிருந்தது அவருக்கு. நன்றாக இறுக்கிய ஒவ்வொரு தையலிலும் கத்தி முனையை நுழைத்து வெட்டி, வெட்டி, நூல் துண்டுகளைப் பல்லால் பிடுங்கித் துப்பினார். அதோடு தொல்லை தீரவில்லை. பிரித்த இடமெல்லாம் ஊசித் துளை வரிசையாகக் கண் விழித்துக்கொண்டிருந்தது. அந்தத் துளைகளை வெளியே விட்டு நேராகத் தைத்தால், ஒவ்வொரு துளையாலும் மழை உள்ளே வரும். அவற்றை மூட்டின் மடிப்புக்குள் புதைத்தாக வேண்டும். மடிப்பை அகலமாக்கினால் கூரை ஒடுங்கும். புதிதாகக் கித்தான் இல்லை. மிஞ்சிக் கிடந்ததை எல்லாம் முதலிலேயே போட்டுவிட்டார்.

கூரை ஒடுங்கட்டும் என்று முடிவு செய்தார். யாருக்கும் சொல்லவில்லை.

இந்த முறை கைகளை அவர் நம்பவில்லை. தரையில் இரண்டு ஆணி அடித்து, நூலில் கரி பூசி இழுத்துத் தெறிக்கவிட்டு, துணியில் நேர்கோடு போட்டுக்கொண்டார். நடுவுக்கு வரும்போதெல்லாம் விரல்கள் தளரப் பார்த்தன. நிறுத்தி, கோட்டைப் பார்த்து, மறுபடியும் பிடித்தார். புதிதாக ஊசி பிடித்தவன்போல மெதுவாக நகர்ந்தது வேலை. பகலில் கதிரவேலுவின் பாய்க்கு வயிறு வைத்தார். விடியலில் வயிறு வைக்காமல் இருக்கப் பாடுபட்டார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் எது எதுவென்று தெரியாமல், கையில் துணியை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். லூர்த்தம்மா வந்து எட்டிப் பார்த்தாள். தேத்தண்ணியைத் தரையில் வைக்காமல் கையிலேயே கொடுத்து, குடித்து முடியும் வரை நின்றாள். பயணத்துக்கு மூட்டை எதுவும் கட்டவில்லை. மா வறுக்கும் வாசனையும் வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை.

தைத்து முடித்த காலை, கூடாரத்தை வீட்டு வளவுக்குள்ளேயே கட்டினார். லூர்த்தம்மா திரேசாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, சுற்றிப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுறதைக் கேட்டு நான் நம்பமாட்டன்" என்றாள். "உள்ளை பிள்ளையளோடை இருக்கிறன். அக்கா, நீ கிணத்திலை அள்ளி ஊத்து. நான் போதுமெண்டு சொல்லுமட்டும் ஊத்து."

"தலையிலை ஊத்தவோ, கூரையிலை ஊத்தவோ?" என்றாள் மரியநாயகி.

"பகிடி விடாமல் ஊத்து, அக்கா!"

பிலோமி மட்டும் வாசலில் நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்றாள். சவிரி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், முடியவில்லை. "வா பிள்ளை, அம்மா இருக்கிறன்" என்று லூர்த்தம்மா கூப்பிட்ட பிறகு, கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நுழைந்தாள்.

மரியநாயகி ஊற்றினாள். அயலிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வாளியோடு சேர்ந்துகொண்டார்கள். தண்ணீர் முகட்டில் விழுந்து, எங்கும் தங்காமல், இரண்டு பக்கமும் சீராக வழிந்து மண்ணில் இறங்கியது. சிமியோன் ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்று, மூடிய வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளி ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தது.

"அம்மா" என்றது பிலோமியின் குரல் உள்ளேயிருந்து. "மேலை சத்தந்தான் கேக்குது. மழையைக் காணேல்லை."

மரியநாயகி இன்னொரு வாளி ஊற்றினாள்.

"போதும், அக்கா" என்றாள் லூர்த்தம்மா.

வெளியே வந்தவளின் சேலை உலர்ந்திருந்தது. வலது உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். "எல்லா மூட்டையும் தடவிப் பாத்தன். பின்பக்க மூலையிலை மட்டும் ஒரு சொட்டு."

"மெழுகு போடுறன்."

"போடுங்கோ." நெற்றியைச் சுருக்கி மறுபடி கூரையைப் பார்த்தாள். "நாங்கள் நாலுபேர் படுத்தால் இடம் சரி. முந்தி இதைவிட அகலமா இருந்ததெல்லே? நீங்கள் எங்கை படுக்கிறது?"

"வெளியிலை."

"மழை வந்தால்?"

"கரையிலை கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழை பூந்து கிடப்பன். என்னிலை எத்தினை மழை பெஞ்சிட்டுது." அவர் கொட்டாவி விட்டார், கண்ணில் நீர் வந்தது. "அங்கையெண்டாலும் கிழிஞ்ச பாயைக் காவிக்கொண்டு ஒருத்தரும் வரமாட்டாங்கள். விடியுமட்டும் நித்திரை கொள்ளுவன்."

லூர்த்தம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "பிலோமி, அடுப்பை மூட்டு பிள்ளை. மா வறுக்கவேணும். சவிரி, ஓடிப்போய்த் தண்டையல் மாமாவிட்டைச் சொல்லு, நாங்கள் ஐஞ்சு பேரும் வாறம் எண்டு."

வெயிலில் கூரை காய்ந்த பிறகு, சிமியோன் பின்மூலையில் மெழுகைத் தேய்த்து, விரலால் அழுத்திச் சூடேற்றினார். கயிறுகளை வளையம் வளையமாகச் சுற்றி நடுவில் வைத்து, கூடாரத்தை நீளவாக்கில் மடித்து, உருட்டி, இரண்டு இடத்தில் கட்டினார். திரேசாவை இறக்கிவிட்டு லூர்த்தம்மா இரண்டு கையையும் நீட்டினாள். அவர் அதை அவள் கைகளில் வைத்தார். வைத்த பிறகும் பிடியை விடாமல் நின்றார்.

"பாரம், லூர்த்து."

"விடுங்கோ. நான் பிடிச்சிட்டன்."

அவர் கையை எடுத்தார்.