வடிவமைத்தவர் என்ற கட்டம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. திரையில் ‘அம்மணி’ என்றிருந்தது. எடுத்தவுடன், “என்னங்க அம்மணி, மழையே இல்லையே, காலங்காத்தால கூப்புடறீங்க?” என்றேன்.

மறுமுனையில் ஓர் ஆண் குரல். “சார், நானு செந்திலுங்க, அவங்க அண்ணன் பையன். அத்தை இன்னிக்கு வெடியக்காலைல தவறிப்போயிட்டாங்க.”

காப்பியை அப்படியே தொட்டியில் ஊற்றினேன்.

செ. மாராத்தாள் அவர்களைப் பீளமேட்டில் எங்கள் பம்பு கம்பெனியில் வேலை பார்த்த பழைய ஆட்களுக்கு அந்தப் பெயரில் தெரியாது. ‘டிராயிங் ஆபீஸ் அம்மணி’ என்றால்தான் தெரியும். சத்தியமங்கலம் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பம். எண்பதுகளில் ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டு, போத்தனூரில் அண்ணன் வீட்டில் தங்கி எங்களிடம் டிரேசராகச் சேர்ந்தார். எஞ்சினியர்கள் பென்சிலில் வரைந்த படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து மையால் நகலெடுப்பது டிரேசரின் வேலை. அந்த அறையில் பதினான்கு ஆண்கள், அவர் ஒருவர். பெண்களுக்கென்று கம்பெனியில் கழிப்பறை கிடையாது. பக்கத்து மில்லின் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அங்கே போய்வருவார். மதியம் நாங்கள் கும்பலாகக் கேன்டீனுக்குப் போவோம். அவர் தன் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பார். அவரையும் கூப்பிடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டிசைன் பிரிவின் தலைவனாக இருந்த எனக்கும்தான்.

அந்த வருடங்களில் எங்கள் பம்புகள் வரிசையாக, மோட்டாருக்குள் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் எரிந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. கிராமத்தில் வோல்டேஜ் குறைவு, அதனால் எரிகிறது என்று நாங்கள் எழுதி எழுதி அனுப்பினோம். ஒரு நாள் மாராத்தாள் என் மேசைக்கு வந்தார்.

“சார், ஒண்ணு கேட்கலாமுங்களா? கரண்டு கம்மினாலதான் எரியுதுன்னா சித்திரை, வைகாசிலயும் எரியோணுமல்லங்க? கம்ப்ளைன்ட் நோட்டைப் பூராவும் பாத்தனுங்க. ஐப்பசி, கார்த்திகைலதானுங்க எரிஞ்சிருக்குது. எங்கூட்டுக் கெணத்துலயும் அப்படித்தானுங்க. மழை பேஞ்சு தண்ணி மேல வந்துச்சுன்னா மோட்டாரு போயிருது.”

நான் சிரித்தேன். “தண்ணி வந்தா மோட்டாருக்குச் சந்தோசந்தானே அம்மணி, அது எதுக்கு எரியுது?” என்று கேலி செய்தேன். அறை முழுவதும் சிரித்தது. அவர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது என் சிரிப்பு அடங்கியது. கிணற்றில் தண்ணீர் ஏறினால் பம்பு தூக்கவேண்டிய உயரம் குறைகிறது. பம்பு அளவுக்கு மிஞ்சி இறைக்கிறது. அந்தச் சுமை தாங்காமல் மோட்டார் எரிகிறது. படித்த நாங்கள் யாரும் பாராததை, புகார் நோட்டை மாதவாரியாகப் பிரித்து அவர் பார்த்திருந்தார். அதோடு விடவுமில்லை. தண்ணீரைச் சுழற்றி எறியும் இம்பெல்லர் சக்கரத்தின் இறகுகளை இன்னும் சாய்வாக வைத்து மூன்று படங்கள் போட்டு வைத்திருந்தார். இரண்டாவது படத்தின்படி வார்த்த சக்கரம் தேறியது. வால்வை முழுக்கத் திறந்துவிட்டும் மோட்டார் சூடேறவில்லை. சோதனைக் கூடத்தில் முதலாளி கேட்டார்: “யாரு பண்ணுனது?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி என் முதுகில் தட்டினார். மாராத்தாள் கதவருகே நின்றிருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

இதைவிட மோசமானது அடுத்த வாரம் நடந்தது. படங்களின் மூலையில் கட்டங்கள் இருக்கும். வடிவமைத்தவர், சரிபார்த்தவர், நகலெடுத்தவர் என்று. அவற்றில் பெயர் எழுதுவது டிரேசரின் வேலை. மாராத்தாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “வடிவமைத்தவருங்கற கட்டத்துல உங்க பேருதானுங்களே, சார்?”

“ஆமா அம்மணி” என்றேன்.

அழகான கையெழுத்து அவருக்கு. என் பெயரை அவர் கையாலேயே எழுதி, மை காயும்வரை ஊதினார். அந்தச் சக்கரம் எனக்குப் பதவி உயர்வையும் ஒரு கேடயத்தையும் வாங்கித் தந்தது. கம்பெனியின் பொன்விழா மலரில் அரைப் பக்கத்துக்கு என் படம். அந்த மலரில் இருந்த ஒரே பெண் முதலாளியின் மனைவி, குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற பின் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் மகளிர் தினப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். அறிவியலுக்கும் பண்பாட்டுக்கும் அதிகம் செய்தவர்கள் ஆண்களா, பெண்களா என்பது தலைப்பு. மாணவிகள் நன்றாகவே வாதாடினார்கள். நான் கனைத்துக்கொண்டு, பெண்கள் ஊக்கம், ஆண்கள் ஆக்கம், வரலாற்றில் இருக்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஆண்களே அதிகம் என்று தீர்ப்புச் சொன்னேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் மாராத்தாள் உட்கார்ந்திருந்தார். செந்திலின் மகள் அங்கேதான் படித்தாளாம். வாசலில் என்னிடம் வந்தார்.

“நல்லாப் பேசுனீங்க சார். ஆனா பேரு எழுதுனவங்கள மட்டும் எண்ணிப்போட்டீங்க.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதன் பிறகும் மழை பெய்கிற நாளெல்லாம் எனக்குப் போன் செய்வார். “மழைங்க சார். காயில் ஏதாச்சும் எரிஞ்சுதுங்களா?” “எரியலைங்க அம்மணி” என்பேன். சிரிப்பார். என் மனைவி போய் ஒன்பது வருடமாகிறது. மகன் கனடாவில். எனக்கென்று வரும் போன் அது ஒன்றுதான். மேகம் கறுத்தால் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். கேட்டால் போன் நின்றுவிடுமோ என்று பயந்து பேச்சை மாற்றுவேன்.

செவ்வாய்க்கிழமை போத்தனூர் வீட்டு வாசலில் செந்தில் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார்.

“அத்தை பேருக்குக் கீழ என்னங்க சார் போடறது? பம்பு கம்பெனி ஓய்வுன்னு போட்டாப் போதுமுங்களா?”

நடந்தது தெரிந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். பேசாமல் இருந்தால் கேடயம் கடைசிவரை என் வீட்டுச் சுவரிலேயே இருக்கும். “பம்பு வடிவமைப்பாளர்னு போடுங்க” என்றேன்.

“அது நீங்க பண்ணுனதுங்களே சார்? அத்தை அப்படித்தானுங்க சொல்லுவாங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, ஐப்பசி, சக்கரம், கட்டம். செந்தில் கண் கலங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கிருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னார்: “சாருக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க! கூட வேலை பாத்தவங்களுக்காகத் தன்னோட பேரையே உட்டுக்குடுக்கறாரு!”

அந்தப் பாராட்டும் என் கணக்கில்தான் சேர்ந்தது. மறுக்க மறுக்க இன்னும் புகழ்ந்தார்கள். போஸ்டரில் ‘பம்பு கம்பெனி ஓய்வு’ என்றே வந்தது. சாரின் பெருந்தன்மையை நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று செந்தில் நினைத்துவிட்டார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இது என் பெருந்தன்மை அல்ல. திருடிய பொருளைத் திருப்பித் தருகிறேன், அதுவும் உடையவர் போன பிறகு. அந்தச் சக்கரத்தை வடிவமைத்தவர் செ. மாராத்தாள். பட்டிமன்றத்தில் நான் சொன்ன தீர்ப்பையும் திரும்பப் பெறுகிறேன். கட்டத்தில் யார் பெயரை எழுதினோம் என்று தெரிந்த நான், எண்ணிச் சொல்லத் தகுதியில்லாதவன்.

நேற்று மதியம் நல்ல மழை. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழை விடும்வரை அது அடிக்கவில்லை. கடைசியில் நானே அந்த எண்ணுக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக இயந்திரக் குரல் சொன்னது. சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

“மழைங்க, மாராத்தாள். ஒரு காயிலும் எரியலைங்க.”