ஒற்றை விசில்

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர் மணவாளன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பணிமனை வாசல்வரை நடந்துபோய், பழைய ஆட்களோடு டீ குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். சில வாரங்களாகப் பாதி வழியில் நெஞ்சு இறுகியது. சொன்னால் அந்த நடையை நிறுத்திவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. அவர் நின்று நின்று போவதைப் பார்த்துவிட்ட மனைவி பூங்காவனம்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

படுக்கவைத்து எடுத்த எக்கோவில் குறை எதுவும் இல்லை. அடுத்து டிரெட்மில்.

“கம்பியப் புடிங்க சார். வலிச்சா உடனே சொல்லுங்க” என்றாள் டெக்னீஷியன் ரேகா.

“கம்பியா? ரெண்டு கையும் உட்டு டிக்கெட் கிழிச்சவன்மா நானு!”

பெல்ட் வேகமெடுத்தது. காட்டுப்பாக்கம், குமணன்சாவடி என்று மனம் ஸ்டாப்பிங்குகளை எண்ணியது. பூக்கூடைக்காரிகளின் சண்டையும் மல்லிகை வாசமும் கூடவே வந்தன. கரையான்சாவடியில் நெஞ்சு இறுகியது. சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தார். ஆனாலும், படியில் யாராவது தடுமாறினால் தானாக வருமே, வண்டியை நிறுத்தச் சொல்லும் அந்த ஒற்றை விசில், அது உதட்டிலிருந்து வந்துவிட்டது.

தினமும் பஸ்ஸில் வேலைக்கு வரும் ரேகாவுக்கு அது போதும். பெல்ட்டை நிறுத்தி, அவரை உடனே இடப்பக்கமாகப் படுக்கவைத்து மறுபடியும் எக்கோ எடுத்தாள். திரையில் இதயத்தின் முன்சுவர் மட்டும் சோர்ந்து அசைந்தது.

“சும்மா இருந்தா சரியா இருக்கு. நடந்தா அந்த இடத்துக்கு ரத்தம் பத்தல” என்றார் டாக்டர். “அடைப்பைச் சரி பண்ணிடலாம்.”

“அப்பால டிப்போவுக்கு நடக்கலாமா?”

“கண்டிப்பா நடக்கணும்.”

பூங்காவனம் சட்டையை நீட்டினாள். “இத போன மாசமே ஊதியிருந்தா இன்னாய்யா?”