சாக்கு கட்டிய பனிச்சறுக்குப் பலகை

தென்காசியில் டிவி ரிப்பேர் கடையில் இருந்த என்னைக் குற்றாலத்துக்கு அழைத்து வந்ததே அந்த மெஷின்தான். மெயின் அருவிக்குப் போகிற வழியில் கேம் சென்டர் வைத்திருந்த முதலாளி, பனிச்சறுக்கு ரேஸ் மெஷின் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்த ஆள் வேண்டும் என்று என்னை வேலைக்கு எடுத்தார். மெஷின் இருக்கும்வரை எனக்கு வேலை, அதுதான் பேச்சு.

ஸ்டியரிங், துப்பாக்கி எதுவும் அதில் கிடையாது. காலடியில் ஒரு பலகை, பின்னால் பிடித்துக்கொள்ள ஹேண்ட்ரெயில், முன்னால் பெரிய திரை. உடம்பைச் சாய்த்தால் பலகை சாயும், திரையில் இருக்கிற கரடியும் சாயும். கரடிக்கு உடம்பைவிடத் தலை பெரிது. மரத்தில் மோதினால் பனியில் உருண்டு பெரிய உருண்டையாகிவிடும், இரண்டு கால் மட்டும் வெளியே ஆடும். அப்புறம் உருண்டை வெடித்து, கரடி தலையை உதறிவிட்டு மறுபடி ஓடும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கே நம்பிக்கையில்லை. ஐஸ்பெட்டியில் மட்டும் பனியைப் பார்த்த ஊரில் இதை யார் விளையாடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் வந்த தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது.

எண்ணெய்க் கால்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொண்டுதான் அருவிக்குப் போவார்கள். குளித்து வந்தாலும் உள்ளங்காலில் எண்ணெய் போயிருக்காது. மெஷினைச் செய்தவர்கள் பூட்ஸ் போட்ட காலை நினைத்துச் செய்திருப்பார்கள் போலும். நம் ஆட்கள் வெறுங்காலோடு ஏறினார்கள், கரடி சறுக்கும் முன்னால் அவர்கள் சறுக்கினார்கள். சீசன் தொடங்கிய அன்றே ஆலங்குளத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி எதுவும் இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் வம்பு என்றால் பயம்.

"ஏம்மா பார்வதி, நாளைக்கு எவனாவது இடுப்ப ஒடிச்சுக்கிட்டா நாம பதில் சொல்ல முடியுமா? ஞாயித்துக்கிழம வர பாப்போம். சரிப்படலன்னா திருப்பி அனுப்பிருதேன்."

மெஷின் போனால் நானும் போக வேண்டியதுதான். ரப்பர் மேட் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் பட்டதும் அதுவும் வழுக்கியது. எண்ணெய்க்கடை வாசலில் கால் துடைக்கச் சாக்குதானே போடுகிறார்கள் என்று கடைசியில் யோசனை வந்தது. ஒரு சணல் சாக்கை வாங்கி, பலகையைச் சுற்றி இறுக்கித் தைத்துவிட்டேன். கால் நன்றாகப் பிடித்து நின்றது. அன்றைக்கு எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

மலைமேலே நல்ல மழை. அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்த கூட்டமெல்லாம் ஈரத்தோடு எங்கள் சென்டருக்குள் நுழைந்தது. ஆளாளுக்கு ஏறி இறங்கியதில் சாக்கு தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. பலகைக்கு அடியில் இருந்த மடிப்பு, சாயும்போதெல்லாம் கரடியைக் குதிக்க வைக்கிற ஜம்ப் ஸ்விட்சை அழுத்தியது. கரடி தேவையே இல்லாமல் குதித்து, மரத்தில் மோதி, உருண்டையாகிக்கொண்டே இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து பார்க்கிறார். என் பெருமையெல்லாம் இறங்கிவிட்டது. பவரை ஆஃப் செய்யப் போனேன்.

அதற்குள் ஒருவர் ஏறிவிட்டார். வடகரைக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் பிடித்துத் தள்ளித்தான் ஏற்றினாள். அவர் மனைவி என் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தார். புருஷன் பல வருஷம் பனிமலையில் காவல் இருந்தவராம். அது எப்படி இருக்கும் என்று எத்தனை தரம் கேட்டாலும் 'குளிரும்' என்பதோடு முடித்துக்கொள்வாராம்.

உண்மையான பனியைப் பார்த்தவர் இந்தப் பொம்மைப் பனியைப் பார்த்து என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பரேடில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். கரடி குதித்தது, மோதியது, உருண்டது, கால் இரண்டும் ஆடின. மறுபடி குதித்தது, மறுபடி உருண்டது. கடைசியாக வந்து சேர்ந்தது அவர் கரடிதான். சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. அப்புறம் அடக்க முடியாமல் ஹேண்ட்ரெயிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

இறங்கி வந்து மனைவியிடம் சொன்னார்: "அங்கன விழுந்தவன் எந்திரிக்க மாட்டான்ட்டி. எங்கூட வந்த ரெண்டு பேரு எந்திரிக்கல. இந்தப் பய எத்தன மட்டம் விழுதான், அத்தன மட்டமும் எந்திரிச்சிருதான் பாத்தியா."

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகளை ஏறச் சொல்லிவிட்டு இருவரும் ஓரமாக நின்றார்கள். அவர் பேசிக்கொண்டே இருந்தார், அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் இருந்த கார் ரேஸ் மெஷினில் தோற்றவர்கள் மெஷினை ஒரு உதை விட்டுவிட்டுப் போவார்கள். இங்கே தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே போய் வரிசையில் கடைசியில் நின்றார்கள். கண்ணாடி உடையும் கார் விபத்தை இரண்டாவது தரம் பார்க்க யாருக்கு ஆசை வரும்? உருண்டைக்கு வெளியே ஆடும் இரண்டு காலை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

கூட்டம் கலைந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முதலாளி வந்து தடுத்தார்.

"என்னம்மா செய்யப் போற?"

"ஜம்ப் ஸ்விட்ச சரி பண்ணிருதேன் அண்ணாச்சி. சும்மா சும்மா குதிக்கி."

"குதிச்சுட்டுப் போட்டும், விடு," என்றவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வேட்டியை மடித்துக்கட்டிப் பலகையில் ஏறினார்.

மெஷின் இன்னும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இப்போது சென்டர் மொத்தமும் என் பொறுப்பு. சாக்கைச் சீசனுக்குச் சீசன் மாற்றுகிறேன், அந்த மடிப்பை மட்டும் அப்படியே விட்டுத் தைக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் முதல் வேலையாக ஸ்விட்சில் கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லுவார்கள். கண்டுபிடித்தது சரிதான் என்பேன். ஆனால் டூல்ஸைத் தொடும் முன்னால் ஏறி நின்று ஒரு ரேஸ் தோற்றுவிட்டு வரச் சொல்லுவேன். இறங்கி வந்து யாரும் ஸ்க்ரூடிரைவர் கேட்டதில்லை. இன்னொரு தரம் ஏறட்டுமா என்றுதான் கேட்பார்கள்.